நேற்று ராத்திரி இந்த வீட்டில் யார் தூங்கினார்கள்?

கடலூரில் செம்மண்டலத்தை விட்டு உள்ளே தள்ளி, மனை போட்டு விற்ற இடத்தில் நாம் குடிவந்த புதிதில், நம் தெருவுக்குக் குழாய் கிடையாது. லாரித் தண்ணீர்தான். அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். லாரி வராத நாளில் டிரம்முக்குள் தலையை விட்டு அடித் தண்ணீரை மொள்ள வேண்டும். போர்த் தண்ணீர் இருந்தது, ஆனால் வாயில் வைத்தால் உப்பு. சோப்பு நுரைக்காது.

பெரியவளே, நீ அப்போது கைக்குழந்தை. சிதம்பரத்தில், அம்மா பிறந்த வீட்டில் தொட்டிலில் கிடந்தாய். சின்னவன் இன்னும் பிறக்கவில்லை. வளைகாப்பு முடிந்து அங்கே போன உங்கள் அம்மா, நீ பிறந்து மூன்றாம் மாதம் திரும்பியிருக்க வேண்டும். மூன்றும் ஆனது, நாலும் ஆனது. அவள் வரவில்லை.

"உப்புத் தண்ணில புள்ளையக் குளிப்பாட்ட முடியுமா? டெய்லி லாரி வரட்டும், நான் வர்றேன்" என்றாள் போனில்.

"அது என் கையிலயா இருக்கு?"

"யாரு கையில இருக்கோ அவங்கள போய்ப் பாருங்க."

யார் கையில் இருந்தது என்று எனக்கே சீக்கிரம் தெரியவந்தது. அதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நான் பிளஸ் டூவோடு நின்றவன். கணக்கில் பெரிய ஆள் இல்லை. ஆனாலும் அந்த சில மாதங்களில் நான் யோசித்த அளவுக்குப் பள்ளிக்கூடத்தில்கூட யோசித்ததில்லை.

நான் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடை திருப்பாதிரிப்புலியூரில். ஒருநாள் ஒரு அம்மா கத்தையாகக் காகிதம் கொண்டுவந்து நகல் கேட்டார். கடலூர், சிதம்பரம் இரண்டு ஊரிலும் எந்தப் பகுதியில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று மதிப்புப் போடும் சர்வே. அந்த மதிப்பைப் பார்த்துத்தான் எந்தப் பகுதிக்கு எத்தனை தண்ணீர் லாரி என்று முடிவு செய்வார்களாம். வீடு வீடாகப் போய்க் கேட்க ஆள் தேவை என்றார். கடை முதலாளியிடம் சொல்லிவிட்டு நானும் சேர்ந்துகொண்டேன். அந்த அம்மாதான் எங்களுக்கு சூப்பர்வைசர். நாங்கள் மேடம் என்போம்.

முதல் நாளே மேடம் என்னிடம் வீடு எங்கே என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப நீங்க செம்மண்டலம் பக்கமே போகக் கூடாது. முதுநகர் போங்க. அப்பறம் சிதம்பரம். உங்க தெருவ வேற ஆளு பாத்துக்கும்."

"ஏன் மேடம்?"

"உங்க தெருவுக்கும் தண்ணி லாரிதானே?"

நான் முதுநகருக்குக் கிளம்பினேன்.

முதலில் ஒரு பகுதியில் உள்ள கதவுகளை எல்லாம் வரிசையாக எண்ணிக் குறித்தோம். கதவு என்றால் குடித்தனம். ஒரே கட்டடத்தில் மாடியில் தனிச் சமையல் நடந்தால் அது தனிக் கதவு. எல்லாக் கதவையும் எண்ணிவிட்டோமே, இனி எல்லா வீட்டுக்கும் போவோம் என்று நினைத்தேன். மேடம் இல்லை என்றார். பத்துக்கு ஒரு வீடு போதும்.

எனக்கு அது புரியவே இல்லை. மீதி ஒன்பது வீட்டில் இருப்பவர்கள் என்ன ஆனார்கள்? கேட்டேவிட்டேன். மேடம் கோபப்படவில்லை. ஒரு காகிதத்தைத் திருப்பிப் போட்டு எழுதிக் காட்டினார். ஒரு தெருவில் நாற்பது கதவு. நாலு கதவைத் தட்டுகிறோம். ஒன்றில் மூன்று பேர், ஒன்றில் ஐந்து, ஒன்றில் இரண்டு, ஒன்றில் ஆறு. கூட்டினால் பதினாறு. கதவுக்கு நாலு பேர். நாற்பது கதவுக்கு நூற்று அறுபது பேர்.

"சரியா நூத்தி அறுபதா இருக்குமா மேடம்?"

"இருக்காது. கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். ஒரு தெருவுல தப்பு ஜாஸ்தியா தெரியும். நூறு தெருவச் சேத்துப் பாத்தா, கூடுனதும் கொறஞ்சதும் ஒன்னுக்கொன்னு ஈடுகட்டிடும். ஆனா ஒரு கண்டிஷன். எந்தக் கதவுன்னு நீங்க முடிவு பண்ணக் கூடாது. நானும் பண்ணக் கூடாது."

அதனால் தொடங்கும் எண்ணைப் போனில் உள்ள ஆப் குலுக்கிப் போட்டுக் கொடுக்கும். ஏழு என்று வந்தால் ஏழாவது கதவு, பதினேழு, இருபத்தேழு. அவ்வளவுதான்.

அந்தக் கண்டிஷனின் அர்த்தம் முதுநகரில்தான் எனக்கு விளங்கியது. துறைமுகத்துப் பக்கம் கூடையில் மீன் விற்ற அம்மாவிடம், என்னோடு சர்வேக்கு வந்த கூட்டாளி நெத்திலி விலை கேட்டான். அவன் அந்த ஊர்க்காரன்தான், என்னை மாமா என்று கூப்பிடுவான், உறவெல்லாம் இல்லை. கேட்டுக்கொண்டே கூடையின் அடிவரை கையை விட்டுத் துழாவினான்.

"ஏம்பா, மேல இருக்கறது கண்ணுக்குத் தெரியலயா?" என்றார் அந்த அம்மா.

"மேல இருக்கறது நீ அடுக்குனதுக்கா. அடியில இருக்கறது கடலு அடுக்குனது."

சிரித்துக்கொண்டே நின்ற எனக்கு அந்த இடத்தில் மேடம் சொன்னது பொட்டென்று புரிந்தது. நாமாகப் பொறுக்கினால் கூடையின் மேல்பக்கம்தான் நமக்கு அகப்படும். சிரித்த முகமாகக் கதவைத் திறக்கும் வீடு, நாய் இல்லாத வீடு, ரோட்டு ஓரத்து வீடு. ஊர் அது மட்டும் இல்லையே.

இதைச் சொன்ன அதே கூட்டாளி, வெயில் ஏறியதும் மாறிவிட்டான். குலுக்கலில் வந்த ஒரு வீடு பூட்டியிருந்தது.

"மாமா, பக்கத்து வீடு தொறந்துதான் இருக்கு. அங்க கேட்டுட்டுப் போயிடலாம். எல்லாம் ஒன்னுதான்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மேடத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். கூடவே கூடாது என்றார். "பகல்ல பூட்டியிருக்கற வீட்ல ஆளு கம்மியா இருக்கும். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருப்பாங்க. நீங்க அத விட்டுட்டு ஆளு நெறைஞ்ச வீடா பாத்துப் போட்டீங்கன்னா ஊரு வீங்கிடும். சாயந்தரம் திரும்பப் போங்க."

சாயந்தரம் போனோம். அவர் சொன்னபடியே கணவன், மனைவி இரண்டே பேர். டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பூட்டு ஒரு விவரம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதன் பிறகு எந்தத் தெருவில் நடந்தாலும் பூட்டிய கதவுகளைப் பார்த்துப் பார்த்து, உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசிக்கும் பழக்கம் வந்துவிட்டது. இன்னும் போகவில்லை.

நாங்கள் முதுநகரை முடிக்கும் நேரத்தில் சிதம்பரத்தில் வேறு ஆட்கள் தொடங்கியிருந்தார்கள். ஒருநாள் மத்தியானம் உங்கள் அம்மாவிடமிருந்து போன். எடுத்ததும் சத்தம்.

"ஏங்க, உங்க ஆபீஸ்லேருந்து ஒரு பொண்ணு வந்துச்சு."

"அப்படியா! உங்க வீடா குலுக்கல்ல வந்துச்சு?"

"வந்துச்சு வந்துச்சு. வீட்ல எத்தனை பேருன்னு கேட்டுச்சு. அம்மா மூணு பேருன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

"மூணு யாரு? மாமா, அத்தை..."

"அண்ணன்."

"அவரு துபாய்ல இல்ல இருக்காரு!"

"அதத்தான் சொல்றேன். துபாய்ல இருக்கற ஆளு இந்த வீட்ல இருக்காராம். உள்ள தொட்டில ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், நான் இல்லியாம். புள்ளையும் இல்லியாம். அப்ப நாங்க யாருங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் போனை வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அப்படியென்றால் இவர்கள் எங்கே எண்ணப்படுவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துச் சிதம்பரம் போனேன். உன்னைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, மெதுவாக அத்தையிடம் கேட்டேன்.

"என்னா மாப்ள இப்படிக் கேக்குறீங்க? அவ உங்க வீட்டு ஆளு. கட்டிக் குடுத்த பொண்ண எங்க வீட்டுக் கணக்குல சொன்னா நாலு பேரு என்னா நெனைப்பாங்க? வாழாம வந்துட்டாளான்னு கேக்க மாட்டாங்களா? ரேஷன் கார்டுலயும் அவ பேர எடுத்தாச்சு."

"சரி அத்தை, மச்சான்?"

"அவன் எம் புள்ள. கார்டுல இருக்கான்."

"கொழந்தை?"

அத்தை குரலைத் தாழ்த்தினார். "முன்னப் பின்ன தெரியாத பொண்ணு வந்து தலைய எண்ணுது. கைக்கொழந்தைய யாராவது சொல்லுவாங்களா? கண்ணு படும்."

உள்ளேயிருந்து உங்கள் அம்மா, "அங்க நம்ம வீட்டுக்கு யாராவது வந்து கேட்டா, நீங்க என்னா சொல்லுவீங்க?" என்றாள் என்னைப் பார்த்து.

நான் யோசித்தேன். வீட்டில் எத்தனை பேர் என்று பக்கத்து வீட்டார் கேட்டபோதெல்லாம், "இப்ப நான் மட்டும்தான், அவங்க ஊருக்குப் போயிருக்காங்க" என்றுதான் சொல்லி வந்தேன். அதையேதான் சர்வேக்காரரிடமும் சொல்லியிருப்பேன்.

"பாத்தீங்களா? ரெண்டு வீட்லயும் நான் இல்ல" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ் முழுக்க அதே யோசனை. அத்தை பொய் சொல்லவில்லை. எங்கள் கேள்வி, "இந்த வீட்டில் எத்தனை பேர்?" என்பதுதான். அத்தை அதற்கு, இந்த வீட்டுக்கு உரியவர்கள் யார் என்று பதில் சொன்னார். ரேஷன் கார்டு நினைப்பில்தான் எல்லோரும் சொல்லுவார்கள். எந்த ஆபீஸ் கேட்டாலும் அதைத்தானே காட்டி வந்திருக்கிறோம்? ஆனால் தண்ணீரைக் கார்டு குடிப்பதில்லை. இங்கே இருக்கிறவர்கள் குடிக்கிறார்கள். துபாய் மச்சானுக்குச் சிதம்பரத்தில் ஒரு குடம் தண்ணீர் ஒதுக்கி என்ன பயன்?

மறுநாள் மேடத்திடம் சொன்னேன். பிரசவத்துக்கு வந்த பெண்களும் அவர்கள் குழந்தைகளும் இரண்டு பக்கமும் விட்டுப்போகிறார்கள், கேள்வியை மாற்ற வேண்டும் என்றேன். "நேத்து ராத்திரி இந்த வீட்ல யாரு யாரு தூங்குனாங்க" என்று கேட்டால் ஒருத்தரும் விட்டுப்போக மாட்டார்கள் என்றேன். ஓர் ஆள் ஒரு ராத்திரியில் ஒரு வீட்டில்தானே தூங்க முடியும்?

மேடம் என்னையே பார்த்தார். "உங்க வீட்டம்மா எப்ப வர்றாங்க?"

"டெய்லி லாரி வந்தா வர்றேன்னு சொல்லியிருக்கு மேடம்."

"அப்ப ஆளு எண்ணிக்கை ஏறணும்னு உங்களுக்கு ஆசை."

"ஆசை இருக்கு. ஆனா கேள்வி தப்புங்கறது ஆசை இல்ல மேடம்."

அவர் கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கடித்தார். பிறகு, சிதம்பரத்தில் ஏற்கெனவே கேட்ட வீடுகளில் சிலவற்றைக் குலுக்கி எடுத்து, புதுக் கேள்வியோடு திரும்பப் போகச் சொன்னார். உங்கள் அம்மா வீடு அதில் வரவில்லை. வந்திருந்தாலும் என்னை அனுப்பியிருக்க மாட்டார்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான். முன்பு நாலு பேர் என்று சொன்ன வீட்டில், ராத்திரி யார் தூங்கினார்கள் என்று கேட்டதும் உள்ளறையிலிருந்து ஆட்கள் முளைத்தார்கள். "மக இருக்கா, பிரசவத்துக்கு வந்திருக்கா. அது கணக்கா?" கணக்குதான் என்றேன். ஒரு வீட்டில் அக்கா, தங்கை இரண்டு பேருமே பிள்ளை பெற்றுப் பக்கத்தில் பக்கத்தில் தொட்டில் கட்டியிருந்தார்கள். நான் மனசுக்குள் குதித்தேன். ஊர் ஏறுகிறது, லாரி ஏறுகிறது. நம் தெருவிலும் இப்படித்தான் ஏறும் என்று நினைப்பு.

ஆனால் அதே கேள்வியைக் கேட்டதும் வேறு ஆட்கள் மறையவும் தொடங்கினார்கள். "பெரிய பையன் சென்னையில. பொங்கலுக்கு வருவான்." "வீட்டுக்காரரு சிங்கப்பூரு." "ராத்திரி தூங்குனாரான்னு கேட்டா, அவரு இல்ல தம்பி." முன்பு அவர்களும் எண்ணிக்கையில் இருந்தவர்கள்தான். ஒரு வீட்டில் ஒரு மருமகள், "தூங்குனது நான், மாமியாரு, ரெண்டு பசங்க. அவரு போன்லதான் தூங்குறாரு" என்றாள். மாமியார் அவளை ஒரு அதட்டு அதட்டினார்.

எல்லாம் கூட்டிப் பார்த்ததும், மொத்தம் பழைய மொத்தத்துக்கு மிகப் பக்கத்தில் வந்து நின்றது. வந்த பெண்களும் குழந்தைகளும் ஒரு பக்கம், போன ஆண்கள் ஒரு பக்கம். எனக்கு முகம் விழுந்துவிட்டது.

"அப்ப பழைய கேள்வியே சரிதான் போலிருக்கு மேடம்."

"இல்ல. ரெண்டு தப்பு ஒன்னு மேல ஒன்னு சாஞ்சு நின்னுச்சு. இந்த ஊர்ல நின்னுச்சுன்னு எல்லா எடத்துலயும் நிக்குமா? ஆம்பளைங்க வெளிநாடு போகாத பகுதியில என்னா ஆவும்? புதுக் கேள்விதான் இனிமே. எல்லாப் பகுதியிலயும் திரும்பக் கேப்போம்."

என்னுடைய கேள்வி ஜெயித்துவிட்டது என்ற பெருமையில் வண்டியை எடுத்தேன். கெடிலம் ஆற்றுப் பாலம் வந்தபோதுதான் பொறி தட்டியது. நம் தெரு! அங்கே எல்லாம் புதுக் குடித்தனம், சின்ன வயசு ஜோடிகள். எத்தனை வீட்டில் பெண்கள் பிரசவத்துக்குப் போயிருக்கிறார்கள்! நம் வீட்டில், எதிர் வீட்டில், பக்கத்து வீட்டில். கார்டு நினைப்பில் மனைவியையும் சேர்த்துச் சொன்னவர்கள்கூட, இனி ஒருத்தர்தான் என்று சொல்ல வேண்டும். நான் கேட்டு வாங்கிய கேள்வியே நம் தெருவை இறக்கிவிடும்.

போனில் உங்கள் அம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"அப்ப அங்க வந்து தூங்குனாத்தான் நாங்க அந்த வீட்டு ஆளா?"

"சர்வேக்கு அப்படித்தான்."

"எப்ப வர்றாங்க?"

"அடுத்த வாரம் நம்ம தெரு."

"சரி. ஞாயித்துக்கெழம வந்து கூட்டிட்டுப் போங்க."

"தண்ணி?"

"இன்னொரு டிரம்மு வாங்கி வைங்க. இங்கயும் இல்ல, அங்கயும் இல்லன்னு எத்தன நாளு இருக்கறது?"

அப்படித்தான் நீ நம் வீட்டுக்கு வந்தாய். அத்தை நல்ல நாள் பார்க்க வேண்டும் என்றார். உங்கள் அம்மா கேட்கவில்லை.

சர்வே வந்த அன்று நான் முதுநகரில் இருந்தேன். நடந்ததை அவள்தான் சொன்னாள். காலையிலிருந்தே உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாளாம். ஒரு பெண் தெருமுனையிலிருந்து கதவுகளைப் பார்த்துக்கொண்டே வந்து, நம் வீட்டைத் தாண்டிப் பக்கத்து வீட்டைத் தட்டியிருக்கிறாள்.

"ஏம்மா, இங்க கேக்கல?"

"உங்க வீடு குலுக்கல்ல வரலக்கா. பக்கத்து வீடுதான் வந்திருக்கு."

"அவரு ஒண்டியா இருக்காரும்மா! வீட்டுக்காரம்மா பண்ருட்டியில, அம்மா வீட்ல. நாங்க மூணு பேரு முழுசா இருக்கோம். எங்கள எழுதிக்கோ."

"அப்படியெல்லாம் மாத்தக் கூடாதுக்கா."

அன்று சாயந்தரம் நான் உள்ளே நுழைந்ததும் அவள் கேட்டது இதுதான்: "அந்த ஒத்த ஆளு நம்ம மூணு பேருக்கும் பதிலா?" நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் விளக்கினேன். இந்தத் தெருவில் ஒருத்தர் இருக்கும் கதவு அகப்படும், அடுத்த தெருவில் ஐந்து பேர் இருக்கும் கதவு அகப்படும், நாம் அந்த ஐந்துக்குள்ளே எங்கேயோ இருக்கிறோம் என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. "நாங்க எங்கயோ இல்ல, இங்க இருக்கோம்" என்று சொல்லிவிட்டு உன்னைத் தூங்க வைக்கப் போனாள்.

நம் பகுதியின் மதிப்பு நான் பயந்தபடியே கொஞ்சம் இறங்கித்தான் வந்தது. லாரி கூடவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள்தான். அவள் திரும்பிப் போவாளோ என்று எனக்கு உள்ளூர ஒரு பயம். அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவளுக்குப் பின்னால் எதிர் வீட்டுப் பெண் வந்தாள், அதற்கடுத்துப் பண்ருட்டியிலிருந்து பக்கத்து வீட்டம்மா வந்தார். தெருவில் தொட்டில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நாங்கள் போட்ட மதிப்பு போட்ட அன்றைக்குச் சரி, ஆனால் ஊர் அந்த மதிப்புக்காகக் காத்திருப்பதில்லை என்று எனக்குத் தோன்றியது. அடுத்த முறை எப்போது எண்ணுவார்கள் என்று மேடத்தைக் கேட்டதற்கு, "நீங்களே கேப்பீங்கன்னு தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

ஒருநாள் லாரி வந்தபோது நானும் வரிசையில் நின்றேன். எங்கள் குடம் நிறைந்ததும் லாரிக்காரர் குழாயை அடுத்த குடத்துக்கு நகர்த்தினார். உங்கள் அம்மா நகரவில்லை. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"இன்னும் ரெண்டு கொடம் ஊத்துங்கண்ணே."

"இந்தத் தெருவுக்கு இவ்ளோதான்னு கணக்குப் போட்டுக் குடுத்திருக்காங்கம்மா."

"கணக்குப் போட்ட ஆளு இதோ நிக்கிறாரு. வேணும்னா கேட்டுக்கோங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. லாரிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்ல எத்தன பேரு?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"மூணு பேரு."

அவர் குழாயை எங்கள் பக்கமே திருப்பிப் போட்டார்.